டிஸ்ப்யூட் போட எது நல்ல நேரம்: தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்பா, விடுமுறையிலா, ஜனவரியிலா?

அமெரிக்காவில் கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றில்) ஏதோ ஒரு கறை உள்ளவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் காதில் விழும் யோசனை ஒன்று உண்டு, பதிவு தவறு என்று ஆட்சேபிக்கும் டிஸ்ப்யூட்டைப் பற்றி. "தேங்க்ஸ்கிவிங்குக்கும் நியூ இயருக்கும் நடுவில் டிஸ்ப்யூட் போடு. பேங்க்கில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அந்தப் பதிவைத் தூக்கியே ஆகவேண்டும், சட்டம் அப்படி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சட்டத்தைப் பற்றிச் சொல்வது உண்மையும்கூட. மீதிதான் இடிக்கிறது.

நம் முன்னால் மூன்று காலங்கள் இருக்கின்றன. ஒன்று, அக்டோபர் முதல் நவம்பர் முதல் வாரம் வரை. இரண்டு, நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வாரம் தொடங்கி புத்தாண்டு வரை. மூன்று, ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பண்டிகைக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். முதல் இடம், நீங்கள் அடுத்த கடனுக்காக எந்தத் தேதியில் வங்கி முன்னால் போய் நிற்கப் போகிறீர்கள் என்பதற்கு. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடிகாரம் ஓடும் விதம்

கிரெடிட் ரிப்போர்ட்டைத் தொகுக்கும் பீரோக்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் 1970-இல் இயற்றப்பட்ட ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. டிஸ்ப்யூட் பீரோவின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். நீங்கள் கடிதம் எழுதிய நாளும் தபாலில் போட்ட நாளும் கணக்கில் வராது. இந்த 30 என்பது காலண்டர் நாள். கிறிஸ்துமஸ், ஞாயிறு எல்லாம் அதற்குள் அடக்கம்.

உள்ளே இருக்கும் சின்னக் கெடுக்கள் மட்டும் வேலை நாள் கணக்கு. டிஸ்ப்யூட் கிடைத்த 5 வேலை நாளுக்குள் பீரோ அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடிந்த 5 வேலை நாளுக்குள் முடிவை உங்களுக்கு அனுப்ப வேண்டும். சாதாரண மாதத்தில் இது ஒரு வாரம். நவம்பர் 24 அன்று பீரோவுக்குக் கிடைத்த டிஸ்ப்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் டிசம்பர் 24-இல் முடிகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ், வார இறுதி, புத்தாண்டு எல்லாவற்றையும் கழித்து 5 வேலை நாள் எண்ணினால், முடிவு அனுப்பப்படுவதே புத்தாண்டைத் தாண்டலாம். தபாலில் வருவதென்றால் இன்னும் சில நாள்.

30 நாள் 45 நாளாவதும் உண்டு, அதற்கு இரண்டு வழிகள். விசாரணை நடக்கும்போதே நீங்கள் புதிதாக ஒரு ஆவணத்தையோ தகவலையோ அனுப்பினால், பீரோ 15 நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் இலவச ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டிஸ்ப்யூட் போட்டாலும் 45 நாள்தான். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இலவச ரிப்போர்ட்டை வைத்துப் போட்டுவிட்டு "30 நாள் ஆயிற்று, இன்னும் எடுக்கவில்லையே" என்று சண்டைக்குப் போவார்கள். ஆகவே ஆண்டு இறுதியில் திட்டம் போடுபவர் 45 என்றே வைத்துக்கொள்வது நல்லது. நவம்பர் 24-இல் தொடங்கினால் அது ஜனவரி 8.

முதல் காலம்: அக்டோபர், நவம்பர் தொடக்கம்

வசந்த காலத்தில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இதுதான் சரியான நேரம். காரணம் பீரோ அல்ல, ஆவணங்கள்தான்.

நல்ல டிஸ்ப்யூட் என்பது வெறும் "இது தப்பு" என்ற வாக்கியம் அல்ல. வங்கி கொடுத்த கணக்கு முடிப்புக் கடிதம், பணம் கட்டியதற்கான ஸ்டேட்மென்ட், மருத்துவமனையின் பில்லிங் பிரிவு தந்த பூஜ்ய பாக்கிக் கடிதம், பழைய அபார்ட்மென்ட் அலுவலகத்தின் ரசீது, இப்படி ஏதாவது ஒன்று கூடவே போக வேண்டும். இவை எல்லாம் மனிதர்கள் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியவை. விடுமுறை உண்மையிலேயே கடிப்பது இந்த இடத்தில்தான். டிசம்பர் 22 அன்று ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய பாக்கிக்குக் கடிதம் கேட்டுப் பாருங்கள். "ஜனவரியில் கூப்பிடுங்கள்" என்பார்கள். அக்டோபரில் கேட்டால் அதே கடிதம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடக்கூடும்.

அக்டோபர் 20 அன்று பீரோவுக்குக் கிடைத்தால் 30 நாள் நவம்பர் 19-இல் முடியும். 45 என்றாலும் டிசம்பர் 4. முடிவு சாதகமாக வந்தால் நிம்மதியாகப் பண்டிகைக்குப் போகலாம். பாதகமாக வந்தால் இன்னொரு சுற்றுக்கு நேரம் இருக்கிறது. எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று பீரோவிடம் கேட்கலாம், 15 நாளுக்குள் அவர்கள் விவரம் தர வேண்டும். கடன் கொடுத்தவரிடம் நேரடியாகவும் போகலாம். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி-யில் புகார் கொடுக்கலாம், அங்கே நிறுவனங்கள் பொதுவாக 15 நாளுக்குள் பதில் தர வேண்டியிருக்கும். மார்ச்சில் வீட்டுக்கடனுக்குப் போகிறவருக்கு இந்த இரண்டாம் சுற்று பெரிய வசதி. முதல் சுற்றிலேயே எல்லாம் சரியாகும் என்று நம்பித் திட்டம் போடுவது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

இந்தக் காலத்துக்குக் குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோர் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதே கடன் தேவைப்படும்போதுதான். மூன்று பீரோக்களும் 2023 முதல் வாரம் ஒருமுறை இலவசமாக ரிப்போர்ட் பார்க்கும் வசதியை நிரந்தரமாக்கிவிட்ட பிறகும் இந்தப் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் காலம்: ஆள் இல்லாத வாரங்களை நம்புவது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசை காட்டும் யோசனை இதுதான்.

சட்டத்தில் உள்ளது இது: 30 நாளுக்குள் சரிபார்க்க முடியாத தகவலை பீரோ நீக்க வேண்டும், அல்லது திருத்த வேண்டும். ஆகவே கடன் கொடுத்தவர் பதிலே அனுப்பாவிட்டால் நமக்கு லாபம் என்பது கணக்கு. கணக்கு தவறல்ல. பண்டிகைக் காலத்தில் பதில் வராது என்ற ஊகம்தான் தவறு.

டிஸ்ப்யூட் ஒன்று பீரோவுக்குப் போனதும் அது ஈ-ஆஸ்கார் என்ற மின்னணு வலையமைப்பு வழியாகத்தான் பெரும்பாலும் கடன் கொடுத்தவருக்குப் போகிறது. நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும் அங்கே அது ஒரு குறியீடாகவும் ஓரிரு வரியாகவும் சுருங்கும். மறுமுனையில் பெரிய வங்கிகளில் இதற்கென்றே குழுவும் மென்பொருளும் உண்டு. டிஸ்ப்யூட்டில் சொன்னதைத் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பதில் அனுப்ப அதிக நேரம் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆள் குறைந்தால் என்ன நடக்கும்? பதில் நிற்காது. யோசிப்பதுதான் நிற்கும். "எங்கள் பதிவில் உள்ளபடி சரி" என்று ஒரு வரியை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் அவசரத்தில் இருக்கும் ஊழியருக்கு எளிது. உங்கள் பதிவில் நிஜமாகவே தப்பு இருந்தால், அதை ஒருவர் நின்று படிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை. ஆள் இல்லாத வாரம் அதற்கு எதிரி.

சின்ன கலெக்‌ஷன் ஏஜென்சிகள் (நிலுவைக் கடனை வசூலிப்பவர்கள்) விஷயம் வேறு. அங்கே பதில் வராமல் போவது எந்த மாதத்திலும் நடக்கும், டிசம்பரில் கொஞ்சம் கூடலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி நீங்கிய பதிவு திரும்பி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. தகவல் முழுமையானது, சரியானது என்று நிறுவனம் சான்றளித்தால் அதே பதிவை பீரோ மீண்டும் சேர்க்கலாம். சேர்த்த 5 வேலை நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மட்டுமே உங்களுக்கு உள்ள காப்பு. ஜனவரியில் ஸ்கோர் (உங்கள் கடன் தகுதியைக் காட்டும் எண்) ஏறி, அதை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பிப்ரவரியில் பதிவு திரும்பி வந்தால் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பத்து வருஷம் பழைய கிரெடிட் கார்டில் ஒரே ஒரு தாமதக் குறி இருக்கிறது, அதை எடுக்க டிஸ்ப்யூட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பதில் வராமல் போனால் அந்தக் குறி மட்டும் போகும் என்று சொல்ல முடியாது. கணக்கே முழுதாக ரிப்போர்ட்டிலிருந்து போனாலும் போகலாம். கூடவே அதன் பத்து வருஷ வயதும், ஒழுங்காகக் கட்டிய வரலாறும் போய்விடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அப்புறம், ஒரே டிஸ்ப்யூட்டைத் திரும்பத் திரும்பப் போட முடியாது. புதிய தகவல் எதுவும் இல்லாமல் அதையே மறுபடி அனுப்பினால் பீரோ அதை அற்பமானது என்று ஒதுக்கலாம், ஒதுக்கியதை 5 வேலை நாளில் தெரிவித்தால் போதும். டிசம்பரில் ஆவணம் எதுவும் இல்லாமல் "என்னுடையது அல்ல" என்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, அது பலிக்காமல் போனால், ஜனவரியில் ஆவணத்தோடுதான் வந்தாக வேண்டும். முதலிலேயே ஆவணத்தோடு போயிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

உண்மையான கடனை "என்னுடையது அல்ல" என்று சொல்லச் சொல்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விடுமுறை யோசனையை உற்சாகமாக விற்பவர்களில், ரிப்போர்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களும் உண்டு. 1996-இன் கிரெடிட் ரிப்பேர் சட்டப்படி, பீரோவுக்குப் பொய்த் தகவல் தரும்படி வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வதே சட்டவிரோதம். வேலையை முடிக்கும் முன் அவர்கள் உங்களிடம் பணம் வாங்கவும் கூடாது. கையெழுத்திட்ட 3 வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. "பண்டிகைச் சலுகை, இன்றே 300 டாலர் கட்டுங்கள்" என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அவர்கள் செய்யும் எதையும் நீங்களே இலவசமாகச் செய்ய முடியும்.

சரி, டிசம்பரில் போடவே கூடாதா? அப்படியும் இல்லை. தப்பு உண்மையானது, ஆவணம் கையில் இருக்கிறது, ஜனவரி கடைசியில் கடன் தேவை என்றால் டிசம்பர் 1 அன்றே போடுங்கள். ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கடிகாரம் விடுமுறையிலும் ஓடும் என்பதால் காத்திருந்து நீங்கள் சம்பாதிப்பது ஒன்றும் இல்லை. விடுமுறையை ஆயுதமாக நினைத்துப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

நம்மவர்களுக்கு மட்டும் டிசம்பர் டிஸ்ப்யூட்டில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பர் நடுவில் இந்தியா கிளம்பினால், பொங்கல் முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். அந்த நான்கைந்து வாரங்களில்தான் பீரோவின் கடிதங்கள் வந்து தபால் பெட்டியில் கிடக்கும். அடையாளத்தை உறுதிசெய்ய ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் முகவரிச் சான்றையும் அனுப்புங்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். நீங்கள் மயிலாப்பூரில் இருப்பீர்கள். பதில் போகாததால் விஷயம் அப்படியே நிற்கும்.

அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ் தபாலை நிறுத்தி வைக்கும் வசதி 30 நாள் வரைதான். அதுவும் கடிதத்தைக் காப்பாற்றுமே தவிர உங்களுக்குப் படித்துக் காட்டாது. இன்ஃபார்ம்ட் டெலிவரி என்ற இலவசச் சேவையில் பதிந்துகொண்டால் வரும் கடித உறைகளின் படம் மின்னஞ்சலில் வரும். பீரோவிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்பதாவது தெரியும், பக்கத்து வீட்டு நண்பரிடம் சொல்லிப் பிரிக்கச் சொல்லலாம். ஆன்லைனில் போட்டிருந்தால் நிலை கொஞ்சம் மேல். ஆனால் உள்நுழைய அமெரிக்க எண்ணுக்குத்தான் ஓடிபி வரும், ரோமிங் இல்லாமல் சிம்மை அணைத்துவிட்டுப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே பயணம் உறுதி என்றால் இரண்டே வழிகள். கிளம்பும் முன் முடிவு கைக்கு வரும்படி அக்டோபரில் போடுங்கள். அல்லது திரும்பி வந்தபின் போடுங்கள். கிளம்பும் வாரத்தில் போட்டுவிட்டு விமானம் ஏறுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

நம் பெயர் விவகாரமும் இங்கே வந்து சேர்கிறது. அப்பா பெயர் கடைசிப் பெயராக, இனிஷியல் விரிந்து முதல் பெயராக, ஒரு வங்கியில் ஒருவிதம், இன்னொரு வங்கியில் வேறுவிதம். இதனால் அதே பெயருள்ள இன்னொருவரின் கணக்கு நம் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துவிடும். இந்த வகைத் தப்பைக் குறியீடாகச் சுருங்கும் ஆன்லைன் டிஸ்ப்யூட்டில் விளக்குவது கடினம். பாஸ்போர்ட் நகல், சோஷியல் செக்யூரிட்டி அட்டை நகல், இரண்டு முகவரிச் சான்று, இன்னது என்னுடையது, இன்னது அல்ல என்று வரிசையாக எழுதிய கடிதம், எல்லாம் சேர்த்துச் சர்டிஃபைட் மெயிலில், பெற்றுக்கொண்டதற்கான ரசீதோடு அனுப்புங்கள். கடிகாரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த ரசீதுதான் அத்தாட்சி. பெயர், முகவரி போன்ற அடையாள விவரங்கள் பற்றிய டிஸ்ப்யூட்டைக் கடன் கொடுத்தவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர் அல்ல என்பதால் இதை பீரோவிடமேதான் கொண்டுபோக வேண்டும். ஒரு பீரோவிடம் சொன்னால் மற்ற இரண்டுக்கும் தானாகப் போகாது, மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இப்படி ஆற அமரப் படிக்க வேண்டிய ஆவணக் கட்டைக் கிறிஸ்துமஸ் தபால் நெரிசலில் அனுப்ப நான் துணிய மாட்டேன். அக்டோபர் தவறிவிட்டால் ஜனவரிதான்.

மூன்றாம் காலம்: ஜனவரி நடுவிலிருந்து

ஜனவரியின் பெரிய பலம், கூப்பிட்டால் ஆள் எடுப்பார்கள் என்பதுதான். ஜனவரி 15 அன்று பீரோவுக்குக் கிடைத்தால் 30 நாள் பிப்ரவரி 14-இல் முடியும். நடுவில் மார்ட்டின் லூதர் கிங் நாள் ஒன்றுதான் விடுமுறை. வரி ரிட்டர்ன் காலம் முழுவீச்சில் தொடங்கும் முன் வங்கிக் கடிதங்களையும் வாங்கிவிடலாம்.

ஆனால் ஜனவரியில் ரிப்போர்ட்டைத் திறப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கோர் குறைந்திருந்தால் அதற்கெல்லாம் தப்புதான் காரணம் என்று பதற வேண்டாம். நவம்பர், டிசம்பர் வாங்கல்களின் பாக்கி, கார்டு ஸ்டேட்மென்ட் முடியும் தேதியில் பீரோவுக்குப் போகிறது. 10,000 டாலர் வரம்புள்ள கார்டில் வழக்கமாக 800 இருக்கும் பாக்கி 4,500 ஆகியிருந்தால் ஸ்கோர் இறங்கத்தான் செய்யும். பதிவு சரியானது. அதில் டிஸ்ப்யூட் போட ஒன்றும் இல்லை. கட்டினால் அடுத்த மாதமே ஏறத் தொடங்கும். கடையில் பில் போடும்போது "இன்று 20 சதவீதம் தள்ளுபடி" என்று சொல்லி வாங்க வைத்த ஸ்டோர் கார்டின் விசாரணைப் பதிவும் (விண்ணப்பித்தபோது உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததற்கான பதிவு) அப்படித்தான். அது 2 ஆண்டு ரிப்போர்ட்டில் இருக்கும். நீங்களே கையெழுத்திட்டதை நீக்கச் சொல்ல முடியாது.

பண்டிகை வாங்கலில் வேறு சண்டை இருந்தால், அதாவது பொருள் வரவில்லை, இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள் என்பது போல இருந்தால், அது கிரெடிட் பீரோ விஷயமே அல்ல. கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத வேண்டும். ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, அந்தத் தப்பு முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். டிசம்பர் 10 ஸ்டேட்மென்ட்டில் வந்தது என்றால் பிப்ரவரி 8 வரைதான் நேரம். பீரோ டிஸ்ப்யூட்டைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. ஒழுங்காக எழுதிவிட்டால், விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டவில்லை என்று பீரோவுக்குச் சொல்ல வங்கிக்கு உரிமை இல்லை. இந்த இரண்டு வகை டிஸ்ப்யூட்டையும் குழப்பிக்கொண்டு, பீரோவிடம் அலைந்து 60 நாளைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

வீட்டுக்கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்

இங்கே மேலே சொன்ன மூன்று காலமும் பொருந்தாது. ஒப்பந்தம் போட்டாயிற்று, டிசம்பர் கடைசியில் க்ளோசிங் (கடன் முடிவாகி வீடு கைக்கு வரும் நாள்), இப்போதுதான் ரிப்போர்ட்டில் தப்பு தெரிகிறது என்றால், டிஸ்ப்யூட் பொத்தானை அமுக்கும் முன் கடன் அதிகாரியிடம் பேசுங்கள். டிஸ்ப்யூட் நடக்கும் கணக்கில் "நுகர்வோர் ஏற்கவில்லை" என்ற குறிப்பு விழும். அதைப் பார்த்தால் கடன் கொடுப்பவர் விளக்கம் கேட்பார், சிலர் குறிப்பை எடுத்துவிட்டு வா என்பார்கள். அரசுக் காப்பீடு உள்ள எஃப்எச்ஏ வீட்டுக்கடனில், மருத்துவக் கணக்குகளையும் அடையாளத் திருட்டால் வந்தவற்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தபின், டிஸ்ப்யூட்டில் உள்ள பாதகமான கணக்குகளின் மொத்தம் 1,000 டாலரை எட்டினால், விண்ணப்பம் கணினி ஒப்புதலிலிருந்து விலகி மனிதப் பரிசீலனைக்குப் போகும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மனிதப் பரிசீலனை என்றால் க்ளோசிங் தேதி ஜனவரிக்கு ஓடிவிடும். குறிப்பிட்ட நாள்வரை வட்டியை மாறாமல் வைக்கும் வட்டி விகித லாக் முடிந்துவிட்டால் அதற்கும் செலவு.

இந்த நிலையில் கேட்க வேண்டியது ரேபிட் ரீஸ்கோர். அதை நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது, கடன் கொடுப்பவர் வழியாகத்தான் நடக்கும். ஆதாரத்தோடு போனால் பொதுவாகச் சில வேலை நாட்களில் ரிப்போர்ட் புதுப்பிக்கப்படும். ஆதாரம் என்றால் மீண்டும் வங்கிக் கடிதம்தான். கடைசியில் டிசம்பரில் எல்லா வழியும் அந்த ஒரு கடிதத்தில் வந்து முட்டுகிறது.

அடையாளத் திருட்டு என்றால்

இதில் ஒப்பீடே வேண்டாம். கிறிஸ்துமஸ் அன்று காலையில் தெரிந்தாலும் அன்றே தொடங்குங்கள். கூட்டரசு வர்த்தக ஆணையமான எஃப்டிசி-யின் அடையாளத் திருட்டுத் தளத்தில் அறிக்கை பதிவுசெய்து, அதை அடையாளச் சான்றோடும் எந்தப் பதிவுகள் என்ற விவரத்தோடும் பீரோவுக்கு அனுப்பினால், 4 வேலை நாளுக்குள் அந்தப் பதிவுகளை அவர்கள் மறைக்க வேண்டும். 30 நாள் விசாரணையைவிட எவ்வளவோ வேகம். உங்கள் பெயரில் வேறொருவர் புதுக் கடன் வாங்க முடியாதபடி ரிப்போர்ட்டைப் பூட்டும் ஃப்ரீஸ் 2018 செப்டம்பர் முதல் இலவசம். ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் போட வேண்டும், எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டும். ஆனால் இந்த வேகத்துக்காக இல்லாத திருட்டை இருப்பதாக எழுத வேண்டாம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அறிந்தே கையெழுத்திடும் அறிக்கை அது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பீரோவா, கடன் கொடுத்தவரா

காலம் முடிவானபின் வரும் கேள்வி இது. கடன் கொடுத்தவரிடம் நேரடியாக டிஸ்ப்யூட் போட்டாலும் விசாரணைக்கு அதே 30 நாள்தான். தப்பை ஒப்புக்கொண்டால் தான் தகவல் அனுப்பிய எல்லா பீரோக்களுக்கும் அவரே திருத்தம் அனுப்ப வேண்டும் என்பது வசதி. ஆனால் விஷயம் நீதிமன்றம் வரை போகும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் பீரோ வழியைத் தவறவிடாதீர்கள். ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று கடன் கொடுத்தவர்மேல் நுகர்வோர் வழக்குப் போடும் உரிமை, டிஸ்ப்யூட் பீரோ வழியாகப் போயிருந்தால்தான் பிறக்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே கட்டு ஆவணத்தை அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடன் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்பவர்கள் டிசம்பரைக் கடிதம் எழுதி வைக்கும் மாதமாக வைத்துக்கொள்ளலாம். மூன்று ரிப்போர்ட்டையும் இறக்கி, தப்புகளைக் குறித்து, ஆவணங்களைச் சேர்த்து, ஜனவரி இரண்டாம் வாரத்தில் தபாலில் போடுங்கள். ஒரே ஒரு பழைய கலெக்‌ஷன் பதிவுதான் பிரச்சினை, அது உண்மையானதும்கூட என்றால், முதலில் தவணை தவறிய தேதியைப் பாருங்கள். அங்கிருந்து சுமார் 7 ஆண்டில் அது தானாக விழுந்துவிடும். வரும் மார்ச்சில் விழப்போவதற்கு டிசம்பரில் டிஸ்ப்யூட் எதற்கு? அந்தத் தேதியையே பின்னால் தள்ளிப் போட்டிருந்தால் மட்டும் விடாதீர்கள். கடன் கைமாறும்போது நடக்கும் தப்பு அது. பழைய ஸ்டேட்மென்ட் ஒன்று இருந்தால் நிரூபித்துவிடலாம்.